எக்ஸ் மூணாகும்போது

நம்ம வயசு ஆளுங்க நாலு பேரு ஒண்ணு கூடினா என்ன பேசுறோம்? பிரசர் மாத்திரை, முட்டி வலி, யாரு போய்ச் சேந்தாங்க, யாரு இழுத்துக்கிட்டுக் கெடக்காங்க. போன மாசம் கல்யாண வீட்டுலயும் அப்படித்தான் உக்காந்திருந்தோம். அப்ப உங்கள்ல ஒருத்தர், பேரைச் சொல்ல மாட்டேன், "எக்ஸ், வைன்னு நாம படிச்ச அட்சரகணிதம் யாருக்காவது ஒரு நாளாவது ஒதவுச்சா?"ன்னு கேட்டீங்க. எல்லாரும் சிரிச்சீங்க, நானும் சேந்து சிரிச்சேன். வீட்டுக்கு வந்த பொறவு யோசிச்சுப் பாத்தா, எனக்கு ஒதவியிருக்கு. ஒரே ஒரு தடவைதான், ஆனா அந்த ஒரு தடவையில எங்க குடும்பமே தப்பிச்சுச்சு. அதைத்தான் சொல்லப் போறேன். கணக்குன்னதும் எழும்பி ஓடாதீங்க, மெல்லத்தான் சொல்லுவேன்.

அப்ப எனக்குப் பதினஞ்சு முடிஞ்சு பதினாறு நடக்குது. எங்க தேயிலைத் தோட்டம் இலங்கை மலைநாட்டுல, திம்புள்ளப் பக்கம். அப்பா தோட்டத்துத் தப்பால்காரர், அதாவது தோட்டத்து ஆபீசுக்கும் டவுன் தபால் கந்தோருக்கும் நடுவுல கடுதாசிப் பையைத் தூக்கிட்டு நடக்குறவர். அம்மா கொழுந்து எடுக்குறவங்க. நான் ஹட்டன் டவுன்ல படிக்கிறேன். எங்க லயத்து வரிசை வீடுகள்ல இருந்து அந்த வகுப்புக்குப் போன ஒரே ஆள் நான்தான், அதுலயும் பொம்பளப் புள்ள. வேலைக்கு ஆள் கூட்டுற பெரட்டுக்குத் தப்பு அடிக்கிறதுக்கு முன்னாடியே எழும்பி, ரெண்டு கட்டை தூரம் நடந்து ரோட்டுக்கு வந்து பஸ் பிடிக்கணும். சப்பாத்தைக் கையில தூக்கிட்டு நடப்பேன், டவுன்ல எறங்கிக் காலைக் கழுவிட்டுப் போட்டுக்குவேன். அட்டை கடிச்ச எடத்துல ரத்தம் நிக்காம வெள்ளைச் சொக்ஸ்ல வட்டமாப் பிடிக்கும். டவுன் புள்ளைங்க அதைப் பாத்து மூஞ்சியைச் சுளிப்பாங்க. சுளிச்சிட்டுப் போகட்டும்னு இருப்பேன். கணக்குல நான்தான் முந்தி நின்னேன், அந்தத் திமிரு எனக்கு நல்லாவே இருந்துச்சு.

கணக்கு மாஸ்டர் ஒரு திங்கக்கெழமை கரும்பலகையில ஒரு பின்னத்தை எழுதினாரு. மேலயும் எக்ஸ், கீழயும் எக்ஸ். "இதுதான் விகிதமுறு சார்பு. இதோட அணுகுகோடுகளைக் கண்டுபிடிப்போம்"னாரு. பேருதான் பெருசு, விசயம் சின்னதுதான். மொதல்ல பின்னத்தோட கீழ்ப்பக்கத்தைப் பாக்கணும். எக்ஸுக்கு என்ன போட்டா அது பூச்சியமாகும்? பூச்சியத்தால வகுக்க முடியாது, அதனால அந்த எடத்துல சார்பே கெடையாது. அதுக்குப் பக்கத்துல போகப் போகக் கீழ உள்ளது சின்னஞ்சிறுசாகும், மொத்தப் பெறுமானம் எகிறிட்டே போகும். அங்க புள்ளி புள்ளியா நிமிந்த கோடு ஒண்ணு போடணும், அது மொத அணுகுகோடு. அடுத்தது, எக்ஸை நூறு, ஆயிரம், லட்சம்னு பெருசாக்கணும். அப்ப எக்ஸ் வர்க்கம் இருக்குற உறுப்புக்கு முன்னாடி மத்ததெல்லாம் தூசி. மேல ரெண்டு எக்ஸ் வர்க்கம், கீழ ஒரு எக்ஸ் வர்க்கம்னா, தூரத்துல போய்ப் பாத்தா அது ரெண்டுக்குக் கிட்டத்தான் இருக்கும். அந்த ரெண்டுல படுத்த கோடு ஒண்ணு, அதுவும் புள்ளி புள்ளியா. அவ்வளவுதான் வேலை.

"வளைவுக் கோடு, அதான் வளையி, இதுங்களுக்குக் கிட்டக் கிட்டப் போகும். ஆனா தொடவே தொடாது"ன்னு மாஸ்டர் ரெண்டு கோட்டையும் பிரம்பால தட்டிச் சொன்னாரு. நாங்க அதை அப்படியே எழுதி அடிக்கோடு போட்டுக்கிட்டோம்.

எனக்கு அது மண்டையில பூந்துக்கிச்சு. கிட்டப் போய்க்கிட்டே இருக்கும், ஆனா போய்ச் சேராது. பஸ்ஸுல வாற வழியெல்லாம் அதே நெனப்புத்தான். ஒண்ணை நூறால வகுத்தா நூறுல ஒண்ணு. லட்சத்தால வகுத்தா லட்சத்துல ஒண்ணு. எங்கயாவது ஒரு எடத்துல தீந்து போகத்தானே வேணும்? தீராதாம். வீட்டுல அம்மாகிட்டச் சொன்னேன். அம்மா இடுப்புல கட்டுற படங்குச் சாக்கை அவுத்து உதறிக்கிட்டே, "போனாப் போய்ச் சேர வேண்டியதுதானே. சேர மாட்டேன்னா எதுக்குப் பொறப்பட்டுப் போகுது, வீட்டுலயே கெடக்கலாமே"ன்னாங்க. அம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஆனா நாக்கு இருக்கே, அதை நம்ம மாஸ்டராலயும் சமாளிக்க முடியாது.

இதை வரைஞ்சு பாக்கக் கட்டம் போட்ட தாள் வேணும். எங்கிட்ட ஏது? அப்பாதான் கொண்டுவந்து கொடுத்தாரு. ஆபீஸ் அலமாரியில பழைய வரைபுத்தாள் ஒரு கட்டு, மழைத் தண்ணி எறங்கி ஓரமெல்லாம் பூத்துப் போயிருந்துச்சாம். பெரிய கிளாக்கர் ஐயா, "உந்தக் கடதாசியைக் கொண்டுபோய் எரிச்சுவிடு"ன்னு அப்பா கையில கொடுத்திருக்காரு. அப்பா எரிக்கல. வெள்ளைத் தாளை எரிக்க மனசு வரல அவருக்கு. தப்பால் பைக்கு அடியில வச்சி வீட்டுக்குக் கொண்டாந்துட்டாரு. அந்தப் பை உங்களுக்கு ஞாபகம் இருக்கும், தோல் பை, வாயில பித்தளைப் பூட்டு. சாவி ஒண்ணு ஆபீசுல, ஒண்ணு தபால் கந்தோர்ல. பையைத் தூக்குறவருக்குச் சாவி கெடையாது. தாளு பச்சைக் கட்டம், மேல தோட்டத்துப் பேரு அச்சடிச்சிருக்கும். மோந்து பாத்தா ஈரச் சுவர் வாடை வரும். அந்த வாடை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

பெரிய கிளாக்கர் யாழ்ப்பாணத்துப் பக்கத்து ஆளு. ஆபீஸ்ல தோட்டத்தை நடத்துற பெரிய தொரைக்கும், அவருக்கு ஒதவியா இருக்குற சின்னத்தொரைக்கும் அடுத்து இவருதான். சிரிச்சு யாரும் பாத்ததில்ல. லயத்துப் பக்கம் எட்டியும் பாக்க மாட்டாரு. சனங்க ஆபீசுக்குப் போனா உள்ள போக முடியாது, வெளியில நின்னு யன்னல் வழியாத்தான் பேசணும். அந்த யன்னலுக்கு அந்தப் பக்கம் அவரோட மூக்குக் கண்ணாடி மட்டும் தெரியும். எங்க லயத்துல அவருக்குக் "கண்ணாடி விரியன்"னு பேரு. நானும் அப்படித்தான் சொல்லுவேன், இப்பச் சொல்ல வெக்கமா இருக்கு.

அந்த வருசம் தோட்டத்துல ஒரு தகராறு. ஒரு நாள் பேரு, அதான் ஒரு நாள் சம்பளம், முழுசா விழணும்னா இத்தனை ராத்தல் கொழுந்து எடுக்கணும்னு கணக்கு இருக்குமே, அதை ரெண்டு ராத்தல் கூட்டிட்டாங்க. கூட்டின பொறவு பனி விழுந்துச்சு. கொழுந்தெல்லாம் கருகிச் சுருண்டுச்சு. பொம்பளைங்க பொழுது சாயிற வரைக்கும் மலையில நின்னும் அரைப் பேருதான். "கொழுந்து இல்ல, ராத்தலைக் கொறைங்க"ன்னு தொழிற்சங்கத்துக்காரங்க கேட்டாங்க. "கொழுந்து எல்லாம் சரியாத்தான் வருது, தோட்டத்துச் சராசரி கொறையல, நீங்க சில பேருதான் எடுக்குறதில்ல"ன்னு ஆபீஸ் சொல்லுச்சு. ஆபீஸ் சுவர்ல ஒரு படம் தொங்குறதா லயம் பூராக் கேள்வி. ஆளுக்குச் சராசரி எத்தனை ராத்தல் வந்துச்சுன்னு நாளுக்கு நாள் பச்சை மையில ஒரு வளைவு, எடுக்க வேண்டிய ராத்தலுக்குச் சிவப்புப் புள்ளிக் கோடு. அது யன்னல்ல இருந்து தெரியாது. தொரைமாரும் கிளாக்கரும் மட்டும் பாக்குற படம்.

இப்பக் கணக்குக்கு வாறேன். மாஸ்டர் வீட்டுப்பாடத்துக்குக் கொடுத்ததுல கடைசி ஒண்ணு. மேல, ரெண்டு எக்ஸ் வர்க்கம் சய பன்னிரண்டு எக்ஸ் சக இருபத்தாறு. கீழ, எக்ஸ் சய ஒண்ணு, அதோட வர்க்கம். சகன்னா கூட்டல், சயன்னா கழித்தல், மறந்திருக்க மாட்டீங்க. எக்ஸ் ஒண்ணானா கீழ பூச்சியம், ஆக ஒண்ணுல நிமிந்த கோடு. தூரத்துல ரெண்டு, ஆக ரெண்டுல படுத்த கோடு. இதெல்லாம் எனக்கு வெத்தலை போடுற நேரம்.

பள்ளிக்கூடம் விட்டு வந்தா நான் கொழுந்து மடுவத்துல போய் உக்காந்துக்குவேன். கொழுந்து நிறுக்குற கொட்டகை அது. அந்தி நிறுவைக்கு அம்மா வாற வரைக்கும் அங்கதான் படிப்பு. நனைஞ்ச சாக்கு வாடை, பச்சைக் கொழுந்து வாடை, தராசுக் கொக்கி ஆடுற கிரீச் சத்தம். கவுத்துப்போட்ட கூடை மேல உக்காந்து, மடியில பலகை வச்சி, நனைச்சா ஊதாவா எழுதுற கொப்பிப் பென்சிலால புள்ளி வைக்க ஆரம்பிச்சேன். எக்ஸ் ரெண்டானா பத்து. உச்சியில ஒரு புள்ளி. எக்ஸ் மூணானா ரெண்டு.

அங்க கை நின்னுபோச்சு. ரெண்டா? ரெண்டுலதானே படுத்த கோடு இருக்கு. புள்ளி கோட்டு மேலயே போய் உக்காந்துக்கிச்சு. தொடவே தொடாதுன்னு அடிக்கோடு போட்டு எழுதியிருக்கேனே. நான்தான் கூட்டல்ல எங்கயோ பெசகிட்டேன்னு, அந்தப் புள்ளியை அழிச்சிட்டுக் கோட்டுக்கு மேலாப்புல வளைச்சு வரைஞ்சேன். நம்ம வளந்த எடம் அப்படி. மலையில ஆளுக்கொரு நெரை, அடுத்தவ நெரையில ஒரு கொழுந்தைக் கிள்ளினாக்கூடக் கூடை பறக்கும். கோடுன்னா கோடுதான் நமக்கு.

ஆனா மனசு கேக்கல. எக்ஸுக்கு அஞ்சு போட்டுப் பாத்தேன். மேல அம்பது சய அறுபது சக இருபத்தாறு, பதினாறு. கீழ நாலு வர்க்கம், பதினாறு. விடை ஒண்ணு. ரெண்டுக்குக் கீழ. மறுபடி மூணு போட்டேன். பதினெட்டு சய முப்பத்தாறு சக இருபத்தாறு, எட்டு. கீழ ரெண்டு வர்க்கம், நாலு. எட்டை நாலால வகுத்தா ரெண்டு. இன்னொரு தரம் போட்டேன். ரெண்டேதான். பொறவு ஒரு யோசனை வந்து, முழுப் பின்னத்தையும் ரெண்டுக்குச் சமன்னு எழுதித் தீத்துப் பாத்தேன். எக்ஸ் வர்க்கம் ரெண்டு பக்கமும் அடிபட்டுப்போய், எட்டு எக்ஸ் சமன் இருபத்திநாலு, எக்ஸ் சமன் மூணுன்னு வந்து நின்னுச்சு. ஒரே ஒரு எடம். அந்த ஒரு எடத்துல மட்டும் வெட்டிட்டுக் கீழ எறங்குது. பொறவு எங்க போகுதுன்னு பாக்க ஆசை. பதினொண்ணு போட்டேன், ஒண்ணரைக்குக் கொஞ்சம் கீழ. இருபத்தொண்ணு போட்டேன், ஒண்ணரையைத் தாண்டிருச்சு. நூத்தொண்ணு போட்டேன், ரெண்டை நெருங்கிருச்சு. கோட்டை வெட்டிக் கீழ போயி, கீழ இருந்து மறுபடி அதே கோட்டுக்கிட்ட மெல்ல மெல்ல ஏறி வருது. யாரும் எனக்குச் சொல்லித்தராததை நானே பாத்துட்டேன். அந்தச் சந்தோசத்தை எப்படிச் சொல்லுறது, மடுவத்துல எழும்பி நின்னு ஆடலாம் போல இருந்துச்சு. பென்சிலை நாக்குல தொட்டு, ஊதா நெறத்துல வளையியை அழுத்தி வரைஞ்சு முடிச்சேன்.

அன்னைக்குப் பாத்து நிறுவையைச் சோதிக்கச் சின்னத்தொரையும் பெரிய கிளாக்கரும் மடுவத்துக்கு வந்தாங்க. பொம்பளைங்க கூடையோட வரிசையில நிக்கிறாங்க. நான் எழும்பி ஓரமா ஒதுங்கினேன். கிளாக்கரோட கண்ணு என் பலகை மேல விழுந்துச்சு. தாளை உருவி எடுத்துக் கண்ணாடிக்குக் கிட்டப் பிடிச்சுப் பாத்தாரு. மொகம் கறுத்துப்போச்சு.

"உது ஆபீஸ் கடதாசி. ஆர் தந்தது?"

நான் பலகையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டேன். அவரு சின்னத்தொரை பக்கம் திரும்பினாரு.

"சேர், இது ஆபீஸ் சுவரிலை கிடக்கிற படம். அப்பிடியே கிடக்கு, பாருங்கோ. புள்ளிக்கோடு, மேலையிருந்து விழுந்து, கோட்டுக்குக் கீழை போய், பிறகு மெல்ல ஏறுது. சங்கத்துக்குக் குடுக்கக் கொப்பி பண்ணியிருக்கினம்."

"இல்லைங்கய்யா, அது பள்ளிக்கூடத்துக் கணக்கு"ன்னு எப்படியோ சொல்லிட்டேன்.

"எக்ஸ், வை எண்டு ஓரத்திலை எழுதிப்போட்டாக் கணக்காயிடுமோ? நாளைக்குக் காலமை உன்ரை அப்பனை ஆபீசுக்கு வரச்சொல்லு"ன்னுட்டுத் தாளை மடிச்சுச் சட்டைப் பையில வச்சிக்கிட்டாரு.

ஆபீஸ் தாளைத் திருடி, ஆபீஸ் ரகசியத்தைச் சங்கத்துக்கு வித்தான்னு சொன்னா என்ன நடக்கும்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். பத்துச்சீட்டு. பத்துச்சீட்டுக் கொடுத்தா வேலை மட்டுமா போகும், குடியிருக்குற லயத்துக் காம்பராவும் போகும், என் படிப்பும் போகும். அடுத்த தோட்டத்துலயும் அந்தச் சீட்டைப் பாத்துட்டுச் சேக்க மாட்டாங்க. அன்னைக்குச் சாயங்காலம் யாருக்கும் சோறு எறங்கல. அப்பா என்னை ஏசவே இல்ல. "எரிக்கச் சொன்னதை எரிச்சிருக்கணும். தப்பு என்னுது"ன்னு மட்டும் சொன்னாரு. எனக்கு அதுதான் தாங்கல, ரெண்டு அடி போட்டிருக்கலாம். அம்மா மட்டும் ஏதோ யோசனையில இருந்தாங்க. காலையில கெளம்புறப்ப, "நீயும் கூடப் போ. கிறுக்கினது நீ, சொல்ல வேண்டியதும் நீதான்"னு என்னையும் தள்ளிவிட்டாங்க.

ஆபீஸ் யன்னலுக்கு வெளியில நானும் அப்பாவும் நின்னோம். அப்பா தலைப்பாகையை அவுத்துக் கக்கத்துல வச்சிருந்தாரு. உள்ள சின்னத்தொரை நாற்காலியில, கிளாக்கர் பக்கத்துல நின்னாரு. மேசை மேல என் தாளு. சின்னத்தொரை கொழும்புப் பக்கத்துச் சிங்கள ஆளு, வாலிப வயசு, தோட்டத்துத் தமிழ் அரைகுறையாப் பேசுவாரு. "இது என்னா? சொல்லு"ன்னாரு.

நான் எச்சிலை முழுங்கிட்டுச் சொன்னேன். இது ஒரு சார்பு, இது நிமிந்த அணுகுகோடு, இது படுத்த அணுகுகோடு. "கிளாக்கரய்யா கொழுந்துக் கோடுன்னு நெனச்சது இந்த அணுகுகோட்டைத்தான், தொரை"ன்னேன்.

கிளாக்கர் தலையை ஆட்டினாரு. "சேர், நானும் கணிதம் படிச்சனான். அணுகுகோடெண்டால் வளையி தொடாது. கிட்டப் போகும், தொடாது. எந்தப் புத்தகத்திலையும் அப்பிடித்தான். இஞ்சை பாருங்கோ, இது கோட்டை வெட்டிக்கொண்டு கீழை போகுது. அப்ப இது அணுகுகோடில்லை. இது கணக்குமில்லை."

அவரு பொய் சொல்லல, பாத்துக்குங்க. அவரு அதைத்தான் படிச்சிருந்தாரு. நானும் அதைத்தான் படிச்சிருந்தேன். "எக்ஸ் மூணானா வெட்டுதுங்க. ஐயாவே போட்டுப் பாக்கட்டும்"னேன்.

சின்னத்தொரை ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாத்தாரு. "எனக்கு இந்தக் கணக்கு எல்லாம் வராது. கிளாக்கர், நீ போட்டுப் பாத்து, சரியா பெழையான்னு சொல்லு. நீ சொன்னா நான் கேக்குறேன்"னாரு.

இதைக் கொஞ்சம் நிதானமா நெனைச்சுப் பாருங்க. தொரைக்குக் கணக்கு தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது. எனக்குத் தெரியும், ஆனா நான் யன்னலுக்கு வெளியில நிக்கிற சின்னப் புள்ள. கிளாக்கர் பென்சிலை எடுத்து ரெண்டு கீறு கீறிட்டுப் பெழைன்னு சொன்னா அதோட முடிஞ்சுது எங்க கதை. அவரை மறுத்துச் சொல்ல அந்தத் தோட்டத்துல ஒரு ஆளு கெடையாது.

அவரு தாளைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்துல எழுதினாரு. பதினெட்டு. முப்பத்தாறு. இருபத்தாறு. எட்டு. கீழ நாலு. அப்படியே நின்னுட்டாரு. மறுபடி முதல்ல இருந்து எழுதினாரு. பொறவு அஞ்சைப் போட்டாரு, ஒண்ணு வந்துச்சு. ஆயிரத்தைப் போட்டுப் பெரிய வகுத்தல் ஒண்ணு போட்டாரு, அது ரெண்டுக்கு ஒரு மயிரிழை கொறைவா வந்து நின்னுச்சு. கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சாரு. கண்ணாடி இல்லாத மொகத்தை அன்னைக்குத்தான் மொத மொதல்ல பாத்தேன், சின்னக் கண்ணு, களைச்ச கண்ணு.

"என்னா கிளாக்கர்?"னாரு தொரை.

"சரி, சேர். வெட்டுது. பிள்ளையின்ரை கணக்குச் சரி. இது எங்கட படம் இல்லை"ன்னாரு.

அப்பாவுக்குப் பத்துச்சீட்டு விழல. ஆனா எரிக்கச் சொன்ன தாளை எரிக்காதது குத்தம் குத்தம்தானே. தப்பால் பையை வாங்கிட்டு அவரைக் கவ்வாத்து மலைக்கு, தேயிலைச் செடி வெட்டுற வேலைக்கு அனுப்பிட்டாங்க. பல வருசமாப் பை தூக்கிச் சாஞ்ச தோளு, பொறவு கடைசி வரைக்கும் அப்படியே சாஞ்சுதான் இருந்துச்சு. அப்பா அதுக்காக வருத்தப்பட்டாருதான், இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா காம்பரா தப்பிச்சுச்சு, நான் மறுநாள் பஸ் ஏறினேன்.

அம்மா யோசிச்சுக்கிட்டு இருந்தாங்கன்னு சொன்னேனே, அது என்னன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. லயத்துப் பொம்பளைங்களைக் கூட்டி வச்சி, "ஏன்டி, மடுவத்துல நம்ம காதுபடத்தானே அந்தய்யா சொன்னாரு? இவ வரைஞ்சது ஆபீஸ் படம் அப்படியேன்னு. இவ வரைஞ்சது கோட்டுக்குக் கீழ போகுது. அப்ப ஆபீஸ் படத்துலயும் கொழுந்து கோட்டுக்குக் கீழதானே கெடக்கு? சராசரி கொறையலன்னது பொய்தானே?"ன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க பாருங்க, நாலு லயத்துக்குக் கேட்டிருக்கும். அடுத்த வாரம் சங்கத்துக்காரங்க ஆபீசுக்குப் போய், சுவர்ல இருக்குற படத்தைக் காட்டுங்கன்னு அழுத்திக் கேட்டாங்க. காட்டல. ஆனா கூட்டின ரெண்டு ராத்தலைச் சத்தமில்லாமக் கொறைச்சிட்டாங்க. பென்சில் பிடிக்கத் தெரியாத எங்கம்மா அந்தப் படத்தைப் பாக்காமலே படிச்சிட்டாங்க.

பள்ளிக்கூடத்துல கணக்கு மாஸ்டரும் ஒரு பாடவேளை முழுக்க என் கொப்பியை வச்சி யோசிச்சாரு. கடைசியில எழும்பி, "நிமிந்த கோட்டை வெட்ட முடியாது, ஏன்னா அங்க சார்பே இல்ல. படுத்த கோடு தூரத்துல என்ன நடக்கும்னு மட்டும்தான் சொல்லுது. கிட்டத்துல அதை வெட்டலாம், தொடலாம். நான் சொன்னதை அழிச்சுக்குங்க"ன்னாரு. நல்ல மனுசன். எல்லாரும் அடிக்கோடு போட்ட வரியைக் கிறுக்கி அழிச்சோம்.

ஒரு ஞாயித்துக்கெழமை, பொம்பளைங்க பீலியில துணி தொவைச்சிக்கிட்டு இருந்தோம். மலையிலருந்து வாற தண்ணி தகரக் குழாயில விழுமே, லயத்துக்குப் பின்னாடி, அங்க. பாதையில ஒரு கறுப்புக் குடை வருது. பெரிய கிளாக்கர். லயத்துப் பக்கம் அவரு வந்ததே இல்லைங்கிறதால எல்லாரும் சேலையை இழுத்துவிட்டுக்கிட்டு எழும்பி நின்னாங்க. இன்னும் என்ன வினையோன்னு நான் கைத்துணியைக் கல்லு மேல போட்டேன்.

"பிள்ளை, இஞ்சை வா"ன்னாரு. போனேன். சட்டைப் பையில இருந்து என் தாளை எடுத்து நீட்டினாரு. "இது உன்ரை. எரிக்கேல்லை."

வாங்கிக்கிட்டேன். அவரு போகாம நின்னாரு.

"நீ முதல் வெட்டாமல்தானே கீறியிருக்கிறாய். அழிச்ச அடையாளம் கிடக்கு."

"ஆமாங்கய்யா. மாஸ்டர் தொடாதுன்னு சொன்னாரு, அதனால மேலாப்புல வரைஞ்சேன்."

"பிறகு ஏன் மாத்தினனீ?"

"மறுபடி மறுபடி போட்டுப் பாத்தேங்கய்யா. மூணு தரமும் ரெண்டுதான் வந்துச்சு. வேற என்னங்கய்யா செய்யிறது?"

குடையை மடக்கிக் கக்கத்துல வச்சிக்கிட்டு, பீலித் தண்ணியைப் பாத்தாரு. பொறவு என்னைப் பாக்காமலே பேசினாரு. "எனக்குப் பள்ளிக்கூடச் சோதினையிலை இப்பிடி ஒரு கணக்கு வந்தது. இது இல்லை, இதைப்போல. புள்ளி போய்க் கோட்டிலை இருந்திட்டுது. எங்கட வாத்தியார் தொடாது எண்டு படிப்பிச்சவர். நான் அழிச்சுப்போட்டு மேலாலை கீறிக் குடுத்திட்டு வந்திட்டன். மற்றப் பாடமெல்லாம் பாஸ். கணிதத்திலை மட்டும் பெயில். அந்த ஒரு கணக்காலைதானோ எண்டு எனக்குத் தெரியாது. அதோடை வீட்டிலை படிப்பை நிப்பாட்டி இஞ்சை வேலைக்கு அனுப்பிப்போட்டினம்."

தாளு நனையாம நான் ஈரக் கையைப் பாவாடையில தொடைச்சேன். அவரை விரியன்னு சொல்லித் திரிஞ்ச வாயி இதுதான். சரி, சேர், வெட்டுதுன்னு சொன்ன அந்த நிமிசத்துல அவருக்கு உள்ள என்னென்ன ஓடியிருக்கும்னு நெனைச்சா, இந்த வயசுலயும் எனக்கு நெஞ்சு வலிக்குது.

அவரு குடையை விரிச்சாரு. ரெண்டு அடி எடுத்து வச்சிட்டுத் திரும்பினாரு.

"சோதினையிலை நான் ஒருக்காத்தான், பிள்ளை, போட்டுப் பாத்தனான்"னு சொல்லிட்டு மேட்டுல ஏறிப் போனாரு.